30க்கு 28 எடுத்த மாமா

[காட்சி: வெள்ளவத்தை, காலி வீதி. 100ஆம் இலக்க பஸ் உறுமிக்கொண்டு போகிறது. குடையோடு ஒரு முதியவர் வீதியைக் கடக்கிறார்.]

குரல்: ஒரு மாமாவைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 70. செட்டியார் தெரு நகைக்கடையில் 40 வருடம் கணக்கு எழுதியவர். மார்க்கெட்டில் மீனுக்குப் பேரம் பேசினால் ஒரு ரூபாய் தவறாது. 'மோகா' என்ற நினைவுச் சோதனையில் 30க்கு 28 எடுத்திருக்கிறார். 26ம் அதற்கு மேலும் என்றால் சாதாரணம் என்பார்கள். அப்படியென்றால் மூளையில் ஒரு மாற்றமும் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. அல்சைமர் என்ற மறதி நோயில் அமிலாய்டு என்ற புரதம், மறதி தெரியத் தொடங்குவதற்கு 15, 20 வருடங்களுக்கு முன்பே மூளையில் படியத் தொடங்கிவிடுகிறது. படிந்த எல்லோருக்கும் மறதி வருவதும் இல்லை, அது வேறு கதை.

[காட்சி: சோதனைத் தாளில் கையால் வரைந்த கடிகாரம். முட்கள் 11.10 காட்டுகின்றன.]

குரல்: சரி, அந்த 2 புள்ளி எங்கே போனது? அதுதான் முக்கியம். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் மாமா 93, 86, 79 என்று கடகடவெனச் சொல்லிவிடுவார். நாற்பது வருடத் தொழில் அல்லவா! ஆனால் ஐந்து சொற்களைக் கேட்டு, நடுவில் வேறு வேலைகள் செய்து, சில நிமிடம் கழித்து அவற்றைச் சொல்வதற்குத் தொழில் உதவாது; அந்த 2 புள்ளி இங்கே போயிருக்கலாம். புதிதாகக் கேட்டதைப் பதிவது மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. அல்சைமர் முதலில் கைவைப்பது அதன் அக்கம்பக்கத்தில்தான்.

இன்னொரு சங்கதி. ஒரே சோதனையை மறுபடி செய்தால், பழகிப்போனதால் பலருக்குப் புள்ளி கொஞ்சம் ஏறும். ஏறாமல் அப்படியே நின்றால், 'குறையவில்லையே' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆராய்ச்சியாளர்களோ அந்த ஏறாமையைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

[காட்சி: கிளினிக் வாங்கு. மகள் கையில் பைல்.]

குரல்: உடனே பயந்துவிட வேண்டாம். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை எல்லாமே புள்ளியைக் குறைக்கும். காது சரியாகக் கேட்காதவர் ஐந்து சொல்லில் மூன்றைத் தவறவிட்டால் அதை மறதி என்று எழுதிவிடக்கூடாது. ஓ.எல். வரை மட்டும் படித்தவருக்கு 1 புள்ளி கூட்டிப் போட வேண்டும், அதையும் கேளுங்கள். மாமா கந்தோரில் ஆங்கிலம், கடையில் சிங்களம் பேசுபவராக இருக்கலாம். சோதனை தமிழில் நடக்கட்டும்.

அப்புறம், புள்ளித்தாளை வாங்கிப் பிரஷர் அட்டையோடு பைலில் வையுங்கள். அடுத்த தடவை டாக்டர் மாமாவைப் பழைய மாமாவோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் வேண்டும்.