புல்லட் ஸ்டார்ட் ஆகலையா? பிளக்கைக் கழற்றும் முன் இந்த முள்ளைப் பாருங்க!

(கிக் சத்தம், மூன்று முறை. வண்டி வாயே திறக்கவில்லை.)

இருபது தடவை மிதித்தாகிவிட்டது, சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது, தெருவில் போகிறவர்கள் எல்லாம் "பெட்ரோல் இருக்கா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போகிறார்கள். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. பிளக் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். கம்பெனிக்காரனே உங்களுக்கு ஒரு டெஸ்டர் பொருத்திக் கொடுத்திருக்கிறான். ஹெட்லைட்டுக்கு மேலே சின்ன வட்டமாக, இத்தனை வருஷமும் அலங்காரம் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தீர்களே, அந்த ஆம்பியர் மீட்டர்தான். பேட்டரியிலிருந்து கரண்ட் போனால் அதன் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து காட்டும்.

வரலாறு ஒரே மூச்சில்: 1955இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, பல்லாண்டுகள் பாயிண்ட் (என்ஜின் சுற்றச் சுற்ற ஒட்டி ஒட்டி விலகும் குட்டி சுவிட்ச்), கண்டென்சர் (அந்த விலகலில் கரண்டைச் சட்டென்று அறுக்க உதவும் சின்ன டப்பா), காயில் (வோல்ட்டை ஏற்றும் கம்பிச் சுருள்) இவற்றை வைத்தே வண்டி ஓடியது. நான் பேசுவது அந்தப் பாயிண்ட் செட் வண்டிகளைப் பற்றி. எலக்ட்ரானிக் இக்னிஷன்காரர்கள் சும்மா வேடிக்கை பாருங்கள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மின்சாரம் ஓடும்போதுதான் ஸ்பார்க் வரும் என்று பலர் நினைக்கிறோம். இல்லை, அதை வெட்டும்போதுதான் வரும்! வீட்டில் மோட்டார் தண்ணீர் வேகமாக வரும்போது குழாயைப் பட்டென்று மூடினால் பைப் "டங்" என்று அதிருமே, அதே கதை. பாயிண்ட் ஒட்டியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடுகிறது, பாயிண்ட் விலகிய நொடியில் ஓட்டம் அறுபடுகிறது, அந்த அதிர்ச்சியில் வெறும் 12 வோல்ட் பேட்டரியை வைத்து ஆயிரக்கணக்கான வோல்ட் பிளக்கில் பாய்கிறது. மெதுவாக மூடினால் குழாய் அதிராது, இல்லையா? கண்டென்சர் போனாலும் அப்படித்தான், பாயிண்டிலேயே நீலமாகப் பொறி பறக்கும், பிளக்குக்கு ஒன்றும் மிஞ்சாது.

சரி, சோதனை. லைட்டை அணைத்து, சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றிக் கிக்கை லேசாக்கும் லீவர்) பிடித்தபடி கிக்கைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். பாயிண்ட் ஒட்டினால் முள் மைனஸ் பக்கம் சாயும், விலகினால் நடுவுக்கு வரும். ஆடுகிறதா? அப்படியானால் பாயிண்ட் வரை நலம். காயில், கண்டென்சர், பிளக் கேப், பிளக் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். மைனஸிலேயே படுத்துவிட்டதா? பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது பாயிண்டுக்குப் போகும் வயர் எங்கேயோ பாடியில் உரசுகிறது, அல்லது கண்டென்சர் ஷார்ட். பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு இல்லையா, கெட்டியான விசிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தத் தடிமன்தான், வீடு போய்ச் சேரலாம்.

முள் அசையவே இல்லையா? என் வண்டி அப்படித்தான் நின்றது. ஒரு மெக்கானிக் காயிலை மாற்றினார், பிளக்கை மாற்றினார், அப்புறம் பேட்டரியையும் மாற்றினார், நான் மெக்கானிக்கை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் பெயிண்ட் அடித்தபோது பேட்டரியை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் வயர் போல்ட்டுக்கு அடியிலும் சேர்த்து அடித்திருக்கிறார்கள், பளபளவென்று கறுப்பு. இரண்டு ரூபாய் உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து முடுக்கினேன், முள் துள்ளியது. எர்த் சரியாக இருந்தும் அசையாவிட்டால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், எண்ணெய் படிந்த பாயிண்ட், இந்த வரிசையில் பாருங்கள்.

உங்கள் வண்டியின் முள் என்ன சொன்னது என்று கமென்ட்டில் போடுங்கள், "மைனஸ்", "நடு" என்று ஒரு வார்த்தை போதும், நான் படிக்கிறேன்.

ஆங், ஒன்று விட்டுவிட்டேன். முள் மைனஸில் இருக்கும்போது சாவியைப் போட்டபடியே டீ குடிக்கப் போய்விடாதீர்கள், கரண்ட் காயிலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வீடியோவுக்காக முள்ளை நல்ல வெளிச்சத்தில் எடுக்கிறேன் பேர்வழி என்று பத்து நிமிஷம் ஆனில் விட்டதில், இதோ, இந்தக் காயிலைத் தொட முடியவில்லை.