இரண்டாவது கீப்பர்

கோவை வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சூலூர்ப் பக்கமிருந்து ஒருவர் தன் பையனை வண்டியில் கூட்டி வந்து மைதானத்தில் விட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பையனுக்குப் பதினாலு வயது. நான் பயிற்சி தருகிற கால்பந்து அணியின் இரண்டாவது கோல்கீப்பர். பயிற்சி முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "ஏனுங்க சார், ஒரு வருசமா வாரம் தவறாமக் கூட்டிட்டு வர்றனுங்க. மேட்ச்சுன்னா இவன் ஓரமாத்தான் உக்காந்திருக்கறான். எப்பத்தானுங்க ஆடுவான்?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவருக்கு நான் சொன்னது அரைகுறை பதில். மீதியை இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

கால்பந்தில் முன்களத்தில் ஆடுகிறவர் சோர்ந்துபோனால் அறுபதாவது நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். இப்போது பெரிய போட்டிகளில் ஐந்து பேர் வரை மாற்றலாம். வலப்பக்கம் ஆடுகிறவரை இடப்பக்கம் போட்டுப் பார்ப்பார்கள். கீப்பர் விஷயம் வேறு. அவருக்கு அடிபட்டால் மாற்றுவார்கள், சிவப்பு அட்டை வாங்கினால் மாற்றுவார்கள், மற்றபடி தொண்ணூறு நிமிடமும் அவர்தான். ஒரு தொழில்முறை அணியில் பொதுவாக மூன்று கீப்பர்கள் இருப்பார்கள். அதில் ஆடுவது ஒருவர். மற்ற இருவரும் அதே விடியற்காலையில் எழுந்து, அதே பயிற்சி செய்து, அதே சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கோல்கீப்பர் தொழிலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பாய்ந்து பிடிப்பதைத்தான் பேசுகிறார்கள். நான் உட்கார்ந்திருப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏனென்றால் கீப்பராக இருந்த காலத்தில் பெரும்பகுதி நான் செய்தது அதுதான்.

நான் திருப்பூர்க்காரன். வகுப்பிலேயே உயரமான பையன் என்பதால் பள்ளியில் என்னைக் கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்தினார்கள். நம்ம ஊரில் பெரும்பாலான கீப்பர்கள் இப்படித்தான் ஆகிறார்கள். மைதானம் செம்மண்ணும் சரளையும் கலந்தது. அம்மா பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்த்தார். ஒருநாள் ராத்திரி என் இடுப்பில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பனியன் வேஸ்ட் கொஞ்சம் கொண்டு வந்து, நாலு மடிப்பாக மடித்து, என் டவுசருக்கு உள்பக்கம் இரண்டு இடுப்பிலும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பள்ளிக்காலம் முழுக்க அப்படித் தைத்த டவுசர்களோடுதான் விழுந்தேன்.

விழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பந்து தரையோடு தரையாக வலப்பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் தரையில் பட வேண்டும். அப்புறம் தொடை, அப்புறம் இடுப்பு, கடைசியில் தோள். வெட்டின மரம் சாய்கிற மாதிரி மொத்தமாக விழக்கூடாது. முழங்கையை ஊன்றவே கூடாது. கீழே இருக்கிற கை பந்துக்குப் பின்னால் போக வேண்டும், மேல் கை பந்தின் தலையில் அமர வேண்டும். சொல்ல இவ்வளவு நேரமாகிறது, செய்ய அரை நொடி. சரளை மண்ணில் இதைக் கற்றுக்கொள்ள முடியாது. உடம்பு பயந்துவிடும். பயந்த உடம்பு கண் இமைக்கும் நேரம் தயங்கும். பந்துக்கு அந்த நேரமே போதும். கொங்கு நாட்டில் நல்ல கீப்பர்கள் குறைவாக வருவதற்கு உயரத்தையோ சாப்பாட்டையோ குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் மண்ணைத்தான் சொல்வேன். அதனால் என்னிடம் வருகிற பிள்ளைகளை முதல் மூன்று மாதம் நீளம் தாண்டுகிற மணல் குழியில்தான் விழச் சொல்கிறேன். பெரும்பாலான பள்ளிகளில் அந்தக் குழி ஏற்கெனவே இருக்கிறது. விளையாட்டு ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதைக் கிளறி, கல் பொறுக்கி, உங்கள் கீப்பர் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இருபத்தோரு வயதில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு துறையில் வேலை கிடைத்தது. எந்தத் துறை என்பது வேண்டாம். நாலு சீசன் அந்த அணியில் இரண்டாவது கீப்பராக இருந்தேன். நாலு சீசனுக்கும் சேர்த்து முழுதாக ஆடியது ஒன்பது ஆட்டம். ஆட்டத்தன்று காலையில் பெயர்ப் பட்டியலை ஒட்டுவார்கள். முதல் வரி கீப்பருடையது. அந்த வரியில் என் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகும் குளித்து, கையுறையின் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து, தயாராகப் போய் உட்கார வேண்டும். கையுறையின் ரப்பர் நுரை ஈரமாக இருந்தால்தான் பந்து ஒட்டும். ஆடாத நாளிலும் அதை நனைத்துக்கொண்டு போவது சாதாரண விஷயமில்லை. நாலாவது, ஐந்தாவது வாரத்தில் கை தானாக நின்றுவிடும். என் கையும் நின்றது.

அதைக் கவனித்தவர் எங்கள் முதல் கீப்பர். என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன். ஒரு நோட்டை என் கையில் கொடுத்து, "பந்தைப் பார்க்காதே. தொண்ணூறு நிமிசமும் என்னை மட்டும் பார். நான் எப்போ காலை எடுத்து வைக்கிறேன், எப்போ கத்துறேன், எழுது" என்றார். எழுத ஆரம்பித்த பிறகுதான் அந்த வேலை என்னவென்றே எனக்குத் தெரிந்தது. பந்து எதிரணியின் மூலையில் இருக்கும்போதுகூட அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். இரண்டு அடி இடப்பக்கம், ஒரு அடி முன்னால். தடுப்பு வீரர்களிடம் பேசிக்கொண்டே இருந்தார். அன்று அவர் கையில் பந்து பட்டது ஆறு தடவை. ஒரு தடவைகூடப் பாயவில்லை. பாய வேண்டிய தேவையே வரவில்லை.

அவர் காட்டித் தந்த ஒரு பயிற்சியை இன்றும் செய்கிறேன். மாடு கட்டுகிற தாம்புக் கயிறு இரண்டு எடுத்து, கம்பத்துக்கு ஒன்றாக அடியில் கட்டி, இரண்டின் மறுமுனையையும் பந்து இருக்கும் இடத்தில் சேர்த்துப் பிடிக்கச் சொல்வார். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். கோட்டின் மேல் நின்று கையை விரித்தால் கயிறு இரண்டு பக்கமும் எட்டாத தூரத்தில் கிடக்கும். பந்தை நோக்கி நாலடி வைத்தால் கயிறு உள்ளே நெருங்கி வரும். இன்னும் நாலடி வைத்தால் ஒரு பாய்ச்சலில் இரண்டு பக்கமும் எட்டும். அதற்கு மேலும் போனால் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த நடு இடம் எது என்று கால் தெரிந்து வைத்திருக்க வேண்டும், கண் பார்த்துக் கண்டுபிடிக்க நேரமிருக்காது. கயிறு கட்டி ஒருமுறை காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடுகிறது.

என் ஒன்பது ஆட்டத்தில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மைதானம். இருபத்தைந்து கஜத்திலிருந்து ஒரு சாதாரண உதை, தரையோடு வந்தது. குனிந்தேன். முழங்காலைச் சேர்க்கவில்லை. பந்து ஈரத்தில் வழுக்கி இரண்டு காலுக்கும் நடுவே உள்ளே போனது. 1-0 என்று தோற்றோம். அதற்குப் பிறகு ஏழு மாதம் எனக்கு ஆட்டம் தரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை. முன்கள வீரர் ஒரே ஆட்டத்தில் மூன்று வாய்ப்பைத் தவறவிட்டாலும் அடுத்த வாரம் ஆடுவார். அது எனக்கு அன்று ரொம்ப வலித்தது.

பிறகுதான் பார்போசாவைப் பற்றி வாசித்தேன். 1950 உலகக் கோப்பை, ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம். சமன் செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. 1-1 என்று இருக்கும்போது, 79-வது நிமிடத்தில் உருகுவேயின் கிக்கியா வலப்பக்கமாக ஓடி வருகிறார். உருகுவேயின் முதல் கோலில் இதே ஆள் இதே பக்கமிருந்துதான் பந்தை உள்ளே தள்ளிக் கொடுத்தார், ஷியாஃபினோ அடித்தார். இந்த முறையும் அப்படித்தான் வரும் என்று பிரேசிலின் கீப்பர் பார்போசா கம்பத்தை விட்டுக் கொஞ்சம் உள்பக்கம் நகர்கிறார். கிக்கியா பக்கத்துக் கம்பத்தை ஒட்டி நேராக அடித்துவிட்டார். கீப்பராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பார்போசா நினைத்தது சரியான நினைப்பு. ஆனால் 2000-ல் சாகும்வரை அந்தப் பழியில் பெரும்பங்கை அவர்தான் சுமந்தார். அதை வாசித்த அன்று ராத்திரி என் ஏழு மாதம் எனக்குச் சின்னதாகிப் போனது. அந்த மனிதருக்காக இன்றும் மனசு கனக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் குன்னூரை ஒட்டி வெலிங்டன். அங்கே இருக்கிற ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் இந்தியாவின் பழைய கால்பந்துப் போட்டியான டியூரண்ட் கோப்பையை வென்றது. அந்த அணியில் ஆடியவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்தவர். முதலில் சென்டர் ஃபார்வர்டாக, அதாவது முன்கள நடுவில் ஆடினார், பிறகுதான் கம்பத்துக்கு நடுவே வந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நாலாவது இடம் பிடித்தபோதும் அணியில் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். 1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய அணியின் கீப்பர் அவர். 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. நம்ம மலையடிவாரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? ஊட்டிக்குப் போகிற ரயிலில் வெலிங்டன் ஸ்டேஷனைத் தாண்டும்போது, அடுத்த முறை பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கீப்பராக இருக்கிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் வேறு. அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்ட்டினெஸ். 17 வயதில், 2010-ல் லண்டனின் ஆர்சனல் அணிக்குப் போனார். பத்து வருடம் அங்கே. அதில் ஆறு வெவ்வேறு அணிகளுக்கு இரவல் அனுப்பப்பட்டார். ஆக்ஸ்ஃபோர்டு, ரொதர்ஹாம், ஸ்பெயினின் கெட்டாஃபே என்று போய்ப் போய்த் திரும்பினார். 2020 ஜூனில் முதல் கீப்பருக்கு முழங்காலில் அடிபட்டது. மார்ட்டினெஸ் உள்ளே வந்தார், இரண்டு மாதத்துக்குள் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியின் கீப்பர் ஆனார். நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடும்போது வயது 28. 2022 உலகக் கோப்பை இறுதியில் 3-3 என்று இருக்கும்போது, கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில், பிரான்சின் கோலோ முவானி தனியாக எதிரே வந்தாரே, அதைத் தடுத்த அந்த இடது கால் நம்மில் பலருக்கு இன்னும் கண்ணில் நிற்கும். பத்து வருடம் ஓரத்தில் உட்கார்ந்தவர் கையுறையை நனைப்பதை நிறுத்தவில்லை. எனக்கு அந்தக் காலில் தெரிவது அதுதான்.

இப்போது கீப்பருக்கு வேலை கூடியிருக்கிறது என்பதையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த அணிக்காரர் காலால் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்று 1992-ல் விதி வந்தது. அதிலிருந்து கீப்பருக்குக் காலும் வேண்டும். 2025-லிருந்து பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், அதாவது மூலையிலிருந்து ஒரு உதை. அதனால் உங்கள் பையன் கீப்பர்தானே, ஓடத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

2019 மார்ச் 9 அன்று நம்ம நேரு ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று தேசிய அளவிலான ஐ-லீக் கால்பந்துப் பட்டம் வாங்கிய நாள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மினர்வா கோல் போட்டது. ஸ்டேடியமே அமைதியாகிவிட்டது. எல்லோரும் நடு மைதானத்தைப் பார்த்தார்கள். என் கண் வலையில் கிடந்த பந்தின் மேல் இருந்தது. அதைக் குனிந்து எடுத்து, நடு மைதானத்துக்கு எறிந்து, திரும்பி வந்து அதே கோட்டில் நின்று, இன்னும் எண்பது நிமிடத்துக்கு மேல் ஒன்றும் நடக்காதது போல அடுத்த பந்தைப் பார்க்க வேண்டும். அதைப் பயிற்சியில் சொல்லித்தர எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. பக்கத்தில் நிற்பதுதான் முடிகிறது.

சூலூர்க்கார அண்ணனுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். மற்ற வீரர்களுக்கு முப்பத்தைந்து வயது சாயங்காலம். கீப்பருக்கு அது நடுப்பகல். இத்தாலியின் டினோ ஜோஃப் 40 வயதில், 1982-ல், கேப்டனாக உலகக் கோப்பையைக் கையில் வாங்கினார். எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் ஒரு பெனால்டியைத் தடுத்தார். உங்கள் பையனுக்கு இப்போது பதினாலு. ஒரு வருடம் உட்கார்ந்தான் என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். அவன் முன்னால் இருபது வருடத்துக்கு மேல் கிடக்கிறது.

போன ஞாயிறு அவனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். "கண்ணு, பந்தைப் பார்க்காதே, முதல் கீப்பர் அண்ணனை மட்டும் பார்த்து எழுது" என்றேன். ஆட்டம் முடிந்து வாங்கிப் பார்த்தால் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அதில் ஒரு வரி: "கார்னர் வர்றப்ப அண்ணன் பந்தப் பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது கம்பத்துக்கிட்ட நிக்கறவனத் திரும்பிப் பாத்தாரு. மூணு வாட்டியும்." அது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. அவனாகப் பார்த்தது. அடுத்த மாதம் பொள்ளாச்சியில் ஒரு ஆட்டம் இருக்கிறது. அதில் இரண்டாம் பாதி அவனுக்குத்தான்.

நன்றி. வணக்கம்.