தலைமடைக்காரர் ஏன் தண்ணீர் விட்டார்?

பல துறையினர் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று மேடையில் யாராவது சொன்னால் எல்லோரும் தலையாட்டுவோம். அப்புறம் அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். நானும் சாத்தியவன்தான். அதனால் அறிவுரை வேண்டாம், பாலித் தீவின் நெல்வயல் வரை போய்விட்டு வருவோம்.

அங்கே ஒரே வாய்க்காலில் பாசனம் செய்யும் விவசாயிகளின் குழுவுக்கு ‘சுபாக்’ என்று பெயர். எந்தக் குழு எப்போது நடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்வார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. புதிய ரகம், உரம், முடிந்தபோதெல்லாம் நடவு என்றார்கள். கோயில் முறை யாருடைய கணக்கிலும் வரவில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடும் பூச்சியும் பின்னாலேயே வந்தன.

மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் இதைச் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கிரெமர் கடல் சூழலியல்காரர். நெல்லுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் குழுக்களில் நிச்சயம் கேட்டிருப்பார்கள்! இரண்டு ஆறுகளை நம்பியிருந்த 172 சுபாக்குகளின் நடவைக் கணினி மாதிரியாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் ஒன்றாக நட்டால், அறுவடைக்குப் பின் புகையான் என்ற நெற்பூச்சிக்குத் தின்ன எதுவும் மிஞ்சாது. ஆனால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தண்ணீர் வேண்டும். ஆளுக்கொரு நாள் நட்டால் தண்ணீர் போதும், பூச்சி வயல்விட்டு வயல் தாவிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே எது நல்ல விளைச்சல் தரும் என்று கணினி காட்டிய ஒழுங்கும், கோயில்கள் கடைப்பிடித்த ஒழுங்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன.

சரி, தலைமடைக்காரர் கடைமடைக்கு ஏன் தண்ணீர் விடுகிறார்? புண்ணியத்துக்கு மட்டுமல்ல. கீழே இருப்பவர் தண்ணீரில்லாமல் காலம் தப்பி நட்டால், அந்த வயலின் பூச்சி மேலே ஏறி வந்துவிடும். தண்ணீரை மட்டும் அளந்தவருக்கு இது பிடிபட்டிருக்காது. சடங்கை மட்டும் எழுதி வைத்தவருக்கும்தான்.

நாம் சமூகவியலாளரை எப்போது கூப்பிடுகிறோம்? எல்லாம் முடிந்தபின், மக்கள் ஏன் நம் திட்டத்தை ஏற்கவில்லை என்று கடைசி அத்தியாயம் எழுத. கேள்வியையே மாற்றக்கூடியவரை விடையை அலங்கரிக்கக் கூப்பிட்டால் என்ன பயன்?

இதில் அதிகம் அடிபடுவது இளம் ஆய்வாளர்கள். இரண்டு துறையைத் தொடும் கட்டுரை இரண்டு இதழுக்கும் அந்நியம். பதவி உயர்வுக் குழுவோ, “இதில் உங்கள் பங்கு எது?” என்று கேட்கும். அந்தக் குழுக்களில் உட்காருபவர்கள் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். அடுத்த முறை அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால், இரு துறைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக அனுப்பினால், “எங்கள் துறை இல்லை” என்று இருவருமே எழுதித் திருப்பிவிடுவார்கள்.