பதினைந்து வரிப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். ஈரோட்டுப் பக்கம் ஒரு மத்ரஸா விடுதியில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் மனப்பாடம் செய்விக்கிறவன் நான். "உங்க மத்ரஸாவுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வந்துருச்சுங்களா?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டார். வந்து ரொம்ப நாளாச்சு. அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் வழக்கு.

மார்க்கக் கல்வி படிக்கும் ஆலிம் வகுப்புக்குப் பெரிய உதவிதான். நான் ஓதிய காலத்தில் ஒரு ஹதீஸை, அதாவது நபிமொழியை, தேடி அரைநாள் கிதாபுகளை, அதாவது நூல்களை, புரட்டுவோம். இன்று மக்தபத்துஷ் ஷாமிலா என்ற இலவச மென்பொருளில் ஆயிரக்கணக்கான அரபுக் கிதாபுகள் இருக்கின்றன. ஒரு சொல்லைத் தட்டினால் போதும். இந்தோனேசியாவில் எங்களைப் போன்ற விடுதிப் பள்ளிக்குப் பெசந்த்ரன் என்று பெயர். ஒவ்வொரு மாணவராக ஆசிரியர் முன் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதை அங்கே சொரோகன் என்பார்கள். நம் ஊர் வழக்கமும் அதுவே.

குர்ஆனை மனப்பாடம் செய்யும் ஹிஃப்ழு வகுப்பு வேறு. எங்கள் குர்ஆன் பிரதியில் பக்கத்துக்கு 15 வரி, ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தோடு முடியும். மனப்பாடம் செய்தவனுக்கு வசனம் கண்ணிலும் நிற்கும்: இடப்பக்கம், மேலிருந்து மூன்றாம் வரி. போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி இடம் மாறி, பையன் தடுமாறுகிறான். பக்கத்தை அப்படியே காட்டும் செயலிகளோடு எனக்குச் சண்டையில்லை.

2020 ஊரடங்கில் விடுதியை மூடினோம். பல்லடம் பக்கத்துப் பையன் ஒருவன் வாட்ஸ்அப் வீடியோவில் பாடம் ஒப்பித்தான். நல்லவேளை, விசைத்தறி நின்றிருந்தது. இல்லாவிட்டால் ஒன்றும் காதில் விழுந்திருக்காது. தங்குதடையில்லாமல் ஓதினான். அங்கேதான் சந்தேகம். ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வசனங்கள் வரும் இடத்தில், பவானி ஜமுக்காளத்தில் என் எதிரே இருக்கும்போது ஒரு கணம் நிற்பான். அன்று நிற்கவில்லை.

"கண்ணு, கண்ண மூடிக்கிட்டு ஓது" என்றேன். போனுக்குப் பின்னால் குர்ஆனை விரித்து வைத்திருந்தான்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இப்போது அவன் ரமலானில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையைத் தொழவைக்கிறான். அதற்கு முன்னால் தன் ஓதலைப் போனில் பதிவு செய்து கேட்பானாம். போன வருடம் வந்து, "ஹஜ்ரத், ஒரு எடத்துல ஸாதை ஸீனா ஓதிட்டு இருந்திருக்கறனுங்க" என்றான். ஸாதும் ஸீனும் ஒலியில் நெருங்கிய இரண்டு அரபு எழுத்துகள். பதிவைக் கேட்டேன். உண்மைதான். இத்தனை வருடம் என் எதிரே உட்கார்ந்தும் அப்படித்தான் ஓதியிருக்கிறான்.