தறிக்குடோன் பக்கத்துல ரெக்கார்டிங் ரூம்: எந்த கண்டென்ஸர் மைக் வாங்கறது?

அடுத்த கேள்வி சோமனூர்ல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காருங்க. வள்ளி கும்மிப் பாட்டுகளை வீட்லயே பாடி ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடோணும்னு ஆசை. 2024ல நம்ம வள்ளி கும்மி வாத்தியார் பத்ரப்பன் ஐயாவுக்கு பத்மஸ்ரீ குடுத்த பொறவு கும்மி பழகற ஆளு நெம்ப சேர்ந்திருக்காங்க, சந்தோசம். தம்பிகிட்ட ஒரு ரூம் இருக்குது, ஆனா செவுத்துக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். பட்ஜெட் எல்லாஞ்சேர்த்து 25,000. “ரோட் என்டி1 வாங்கறதுங்களா, ஆடியோ டெக்னிகா ஏடி2020 போதுங்களா? கண்டென்ஸரே வேண்டாம், தறிச் சத்தத்தையெல்லாம் இழுத்துப்போடும், டைனமிக் வாங்குன்னு ஒருத்தர் சொல்றாரு, நெசமுங்களா?”ன்னு கேட்டிருக்காரு.

கடைசியில கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லீர்றேன். ஏன்னா இதைச் சொல்லாத ஆளே இல்லீங்க. கண்டென்ஸருன்னா, அதாவது கரண்ட் குடுத்தாத்தான் வேலை செய்யற, மெலிசான சவ்வு வெச்ச மைக்குன்னா, ஊர்ச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காதுன்னு சொல்றாங்க. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எது உங்க குரல், எது தறின்னு மைக்குக்கு எப்படித் தெரியும்? மேடையில எஸ்எம்58ங்கற டைனமிக் மைக்கை எப்படிப் புடிக்கறோம்? ஒதட்டுல ஒட்டி. கண்டென்ஸரை ஒரு சாண் தள்ளி வெச்சுப் பாடறோம். வித்தியாசம் அந்த தூரத்துலதான் வருது. தூரத்தை ரெண்டு மடங்கு ஆக்குனா உங்க குரல் 6 டெசிபெல் எறங்கும், தறி எறங்காது, அது அங்கேயேதான் நிக்குது. ரெண்டு மைக்கும் கார்டியாய்டா, அதாவது முன்பக்கச் சத்தத்தை நல்லா எடுத்துப் பின்பக்கத்தைக் கொறைக்கற வகையா இருந்து, ஒரே தூரத்துல வெச்சு, குரலை ஒரே அளவுக்கு ஏத்துனீங்கன்னா, தறி ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். கண்டென்ஸர் மேல் சத்தத்தைக் கொஞ்சம் தெளிவா எடுக்கும், அதனால அந்த ‘டக்கு டக்கு’ பளிச்சுன்னு கேக்கும். அவ்வளவுதான் சங்கதி. அதுக்காக கண்டென்ஸரை ஒதுக்க வேண்டியதில்லீங்க.

இப்ப எந்த மைக்குன்னு வருவோம். ரோட் என்டி1 நல்ல மைக்குங்க, குத்தமே சொல்ல முடியாது. மைக் தானா போடற இரைச்சல்னு ஒண்ணு இருக்குது, செல்ஃப் நாய்ஸ். என்டி1 அஞ்சாம் தலைமுறையில அது வெறும் 4 டெசிபெல். ஏடி2020ல 20. பேப்பர்ல பாத்தா மலைக்கும் மடுவுக்கும் இருக்கற வித்தியாசம். ஆனா தம்பி, உங்க ரூம்ல கதவு ஜன்னலைச் சாத்தி உக்காந்தாலே 40 டெசிபெலுக்குக் கீழ எறங்காது. அந்த 4ம் சரி, 20ம் சரி, ரெண்டுமே அதுக்குள்ள முங்கிப்போகும். கேக்கவே முடியாத ஒரு அமைதிக்கு நீங்க காசு குடுக்கறீங்க. ஊருக்கு வெளிய தோட்டத்துச் சாளையில தனியா ரூம் வெச்சிருக்கறவங்க என்டி1 வாங்கட்டும், அங்க அது பேசும்.

உங்களுக்கு நான் சொல்றது அதே ஆடியோ டெக்னிகாவோட ஏடி2035. செல்ஃப் நாய்ஸ் 12. அதை விட முக்கியம், மைக் மேலயே ரெண்டு சுவிட்ச் இருக்குது. ஒண்ணு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வர்ற சத்தத்தை வெட்டற லோ கட். தறி ஓடறப்ப தரையே அதிருதில்லீங்க, அந்த அதிர்வு ஸ்டேண்ட் வழியா ஏறி ‘கும்ம்’முனு விழும். அதை இது வெட்டும். சாஃப்ட்வேர்லயும் வெட்டலாம்தான், ஆனா உள்ள வர்றதுக்கு முன்னாடியே வெட்டறது நல்லது. ஸ்டேண்ட் அதிர்வு மைக்குக்கு ஏறாமத் தாங்கிப் புடிக்கற ஷாக் மவுண்ட்டும் பெட்டியோடவே வருது, ஏடி2020ல அது வராது. இன்னொரு சுவிட்ச் 10 டெசிபெல் கொறைக்கற பேட், ஜமாப் மேளம் அடிக்கறப்ப வேணும். மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி, ஆடியோ இன்டர்ஃபேஸ், அதையும் சேர்த்தா பட்ஜெட் தாண்டுதுன்னா ஏடி2020 எடுங்க, தப்பில்லை. ஆனா 48 வோல்ட் பட்டன் இருக்கற இன்டர்ஃபேஸ் கட்டாயம் வேணும். அந்த கரண்ட் போகலீன்னா இந்த மைக் வாயே தொறக்காது. லேப்டாப்போட ஹெட்போன் ஓட்டையில சொருகி “மைக் போச்சுங்க”ன்னு எனக்கு மெசேஜ் போடாதீங்க.

ஒண்ணு சொல்லீர்றேன், லோ கட் போட்டா அதிர்வுதான் போகும். நாடா அடிக்கற அந்த ‘டக்கு டக்கு’ போகாது, அது உங்க குரல் இருக்கற எடத்துலயேதான் இருக்குது. செவுத்துல முட்டை அட்டை ஒட்டுனாலும் போகாது, அதுக்கு ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க. தறி நிக்கற நேரமாப் பாத்துப் பாடறதுதான் வழி. குடோன்காரரு பக்கத்து வீட்டுக்காரருதானுங்க, ஒரு வார்த்தை கேட்டா எப்ப நிறுத்தறாருன்னு சொல்லமாட்டாரா?

எதிரொலிக்கு மட்டும் துணி கட்டலாம். பவானி ஜமக்காளம் வீட்ல இருக்குமே, கெட்டியா, அதை ரெண்டா மடிச்சுத் தொங்க விடுங்க. எங்க? எல்லாரும் மைக்குக்குப் பின்னாடி கட்டறாங்க. கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். நீங்க பாடறப்ப உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கற செவுத்தைத்தான் அது பாத்துட்டு இருக்குது, அங்க கட்டுங்க. அந்த மந்தமான முதுகைத் தறிக்குடோன் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சீங்கன்னா, நீங்க தறியைப் பாத்துப் பாடுவீங்க, மைக் அதுக்கு முதுகைக் காட்டும். அப்பறம் இந்த மைக்கோட உச்சியில பாடக்கூடாதுங்க, பக்கவாட்டுல, கம்பெனி முத்திரை இருக்கற பக்கம். ‘ப’ சொல்றப்ப வாயில இருந்து வர்ற காத்தைத் தடுக்கற வலை, பாப் ஃபில்ட்டர், ஒண்ணு போட்டுக்கோங்க.

ஜமாப்பை அந்த ரூம்ல அடிக்கவே வேண்டாம். சின்ன ரூம்ல தோல் வாத்தியம் அடிச்சா வெறும் இரைச்சலா வரும். யாராவது ஒறம்பரை தோட்டத்துல களத்துமேட்டுல வெச்சு, காத்து இல்லாத நேரமா, அஞ்சாறு அடி தள்ளி மைக்கை நிறுத்தி, பேட் போட்டு எடுங்க. அந்த தாளத்தை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே வீட்ல பாட்டைப் பாடிச் சேத்துக்கலாம்.

ஆங், பஞ்சுத் தூசி. உங்க ஊர்ல அது பறக்காத எடம் ஏது? கண்டென்ஸருக்குள்ள இருக்கற சவ்வு நெம்ப மெலிசு, அது மேல தூசியும் ஈரமும் படியக்கூடாது. பாடி முடிச்ச உடனே கழட்டி டப்பாவுல போட்டு, கூட ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் வெச்சுருங்க. ஸ்டேண்ட்லயே விட்டா மேல ஒரு பையாவது கவுத்துங்க. சரிங்க, அடுத்த கேள்வி, திருச்செங்கோட்டுல இருந்து.