வெளுத்ததெல்லாம் பாலா?

(ஸ்தோத்திரப் பண்டிகை மாலைக் கூட்டத்தில் பேசியது)

மதிப்புக்குரிய சேகர குருவானவர் அவர்களே, வேறு சமயத்தவராக இருந்தும் வருஷம் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்காரும் பஞ்சாயத்துத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, உபதேசியார் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களே, வெயிலில் நின்று பந்தல் போட்ட வாலிபத் தம்பிமாரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பெயர் விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம். ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தால் அசனச் சோறு ஆறிவிடும்.

ஆவிக்குரிய பார்வை வளர என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. வசனம், ஜெபம், ஐக்கியம் என்று மூன்று காரியங்கள் சொல்ல வந்திருக்கிறேன். முதலில் வசனம்.

வெளுத்ததெல்லாம் பாலாகாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எபிரெயர் நிருபம் 5ஆம் அதிகாரமும் பாலைப் பற்றித்தான் பேசுகிறது. பால் குடிக்கிற பிள்ளைக்கு நன்மை தீமை பிரிக்கத் தெரியாது. வளர்ந்தவனுக்கோ பழகிப் பழகி அது கைவருகிறது. பழக்கம் என்கிறார் ஐயா, பழக்கம்! ஒரு ராத்திரி உபவாசக் கூட்டத்தில் வந்து இறங்குகிற வரம் என்று அங்கே எழுதவில்லை.

நமக்கு என்ன பழக்கம்? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் பெட்டிக்குள் கையை விட்டு, ஒரே ஒரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அந்த வருஷத்துக்கு வேதம் அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி. இங்கே இல்லை, தேடாதீர்கள். ஒரு வருஷம் அவர் கையில் ஆதியாகமம் 13:17 வந்தது, ஆபிரகாமுக்குக் கர்த்தர் சொன்ன வசனம்: 'நீ எழுந்து தேசத்தின் நீளமும் அகலமும் எம்மட்டோ, அம்மட்டும் நடந்து திரி; உனக்கு அதைத் தருவேன்.' பொங்கல் கழிந்த மறுவாரமே ஒரு தரகர் வந்து நிலம் இருக்கிறது என்றார். மலிவு விலை. அண்ணாச்சி போய்ப் பார்த்தார். வெறுமனே பார்க்கவில்லை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே நாலு மூலையும் நடந்தார். தரகரும் பின்னாலேயே நடந்தார், அவருக்கென்ன!

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி, அந்த அக்கா கேட்டார்கள்: "பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாத்தீங்களா?"

அண்ணாச்சி சொன்ன பதில்: "ஆபிரகாம் பட்டா பாத்தாராட்டி?"

அக்கா அப்புறம் வாயைத் திறக்கவில்லை. முன்பணம் போனது, நகை அடகுக்குப் போனது. ஐப்பசி மழை பெய்தது. போய்ப் பார்த்தால் நிலத்தில் முழங்கால் அளவு தண்ணீர், வாத்துக்காரர் ஒருத்தர் ஜோராக வாத்து மேய்த்துக்கொண்டிருக்கிறார். கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்: ஓடைப் புறம்போக்கு.

ஆபிரகாம் பட்டா பார்த்தாரா? பார்த்தார் ஐயா! ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தைத் திருப்புங்கள். மனைவி சாராளை அடக்கம்பண்ண மக்பேலா நிலத்தை வாங்கியபோது, ஊர் வாசலில் அத்தனை பேரையும் சாட்சி வைத்து, 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். நிலம், அதிலுள்ள குகை, எல்லைக்குள் நிற்கிற மரங்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறது. நம்ம பத்திர எழுத்தர்கூட அவ்வளவு விவரமாக எழுத மாட்டார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். அட்டையில் வந்த வசனத்துக்கு ஏழு வசனம் முன்னால்தான் ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்து கண்ணை ஏறெடுத்துப் பார்க்கிறான். யோர்தான் சமபூமி நீர்வளமாகத் தெரிகிறது. பார்த்ததை நம்பி, பொல்லாத ஊரான சோதோம் பக்கம் கூடாரம் போட்டான். வெளுத்ததெல்லாம் பாலாகாது! அண்ணாச்சிக்கு வேண்டிய எச்சரிப்பு அதே பக்கத்தில் இருந்தது. அட்டையில் அதற்கு இடமில்லை.

ஒற்றை வசனத்தைப் பிய்த்துக் கொடுப்பதில் கெட்டிக்காரன் யார் தெரியுமா? மத்தேயு 4இல் பிசாசு ஆலயத்து உப்பரிகையில் நின்று, இயேசுவைக் கீழே குதிக்கச் சொல்லி 91ஆம் சங்கீதம் சொல்கிறான். 'உன் வழிகளிலெல்லாம்' என்ற வார்த்தையை லாவகமாக விட்டுவிடுகிறான். இன்றைக்கு வாட்ஸப்பில் காலைதோறும் வருகிற எரேமியா 29:11ஐ எடுங்கள். சமாதானத்துக்கேதுவான நினைவுகள், அருமையான வசனம். முந்தின வசனம் பாபிலோன் சிறையிருப்பில் 70 வருஷம் ஆகும் என்கிறது. அதை யாராவது ரோஜாப்பூப் படம் போட்டு அனுப்பினார்களா?

மிஷனரி சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது. அட்டை அட்டையாக அல்ல, முழுசாக.

குருவானவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, ஜெபமும் ஐக்கியமும் இன்னொரு கூட்டத்துக்கு இருக்கட்டும். காரியத்துக்கு வருகிறேன். நின்றுபோன புதன்கிழமை வேதபாட வகுப்பை மறுபடி தொடங்க வேண்டும். அட்டை அச்சடிக்கிற பணத்தை இந்த வருஷம் அதற்குக் கொடுங்கள் என்று கமிட்டியாரைக் கையெடுத்துக் கேட்கிறேன். அந்தப் பணத்தில் பெரிய எழுத்து வேதாகமம் வாங்கலாம். வாரம் ஓர் அதிகாரம், முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை, சத்தமாக வாசிப்போம். நடுவில் யாரும் கேள்வி கேட்கலாம். வருகிற புதன் ராத்திரி ஏழு மணி, நம் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு அறை. ஆதியாகமம் 13இல் தொடங்குகிறோம். உபதேசியார் கையில் நோட்டு இருக்கிறது, பந்திக்குப் போகும் முன்னால் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள், அந்த அறையில் ஒரு விளக்குதான் எரிகிறது.