எச்சரிக்கை எல்லை கடக்கிறது, கரை சேருகிறதா?

அவையோர் அனைவருக்கும், குறிப்பாகக் கடலோர ஊர்ப் பஞ்சாயத்துகளிலிருந்து வந்திருப்போருக்கும் வணக்கம்.

2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. கால் மணி நேரத்திற்குள் ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் அதை அறிந்து அறிக்கையும் வெளியிட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடல் நாடுகளில் அந்தச் செய்தியைப் பெற்றுக் கரைக்குச் சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லை. தமிழகக் கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அவ்வளவு நேரமும் வீணாயிற்று.

புதுச்சேரியை அடுத்த நல்லவாட்டில் மட்டும் நடந்தது வேறு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் பூட்டை ஊரார் உடைத்தனர். அன்றாடம் கடல்நிலை அறிவித்துவந்த ஒலிபெருக்கியிலேயே எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். இதைத் தற்செயல் என்று ஒதுக்குவோர் உண்டு. அழைப்பு வந்தது தற்செயலாக இருக்கலாம். ஒலிபெருக்கி அங்கே இருந்ததும், அந்தக் குரலை நம்பி மக்கள் உடனே எழுந்து நடந்ததும் தற்செயல் அல்ல.

அதன்பின் அரசுகள் தம் பங்கைப் பெருமளவு செய்துவிட்டன. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்றும் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு எச்சரிக்கை வழங்கும் பொறுப்பை ஏற்றுள்ளன. ஆனால் தலைநகரங்களுக்கு இடையே நொடியில் பாயும் செய்தி, நடுக்கடலில் நிற்கும் படகை எட்டுவதில்தான் தடுமாறுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்கு முன்பே சென்றிருந்த குமரி மீனவர் பலருக்குத் துறைமுகத்தில் ஏற்றிய எச்சரிக்கைக் கூண்டால் பயனில்லாமல் போனது. காணாமல் போனோரைத் தேடி மீனவர்கள் தாங்களே படகெடுத்துப் போனார்கள். நீரோட்டம் படகை எங்கே இழுத்துச் செல்லும் என்பதை அவர்களைவிட யார் அறிவார்?

பாக் நீரிணையில் இன்னொரு சிக்கல் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இயந்திரம் பழுதாகிக் காற்றில் ஒதுங்கும் படகு, எல்லை மீறிய படகாகப் பார்க்கப்படுமோ என்ற அச்சத்தில், அருகிலுள்ள கரையை விட்டுத் தொலைவிலுள்ள கரைக்கே திரும்ப முயலும். 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கை, கடலில் ஆபத்திலிருப்போருக்கு உதவுவதைக் கடமையாக்குகிறது. பிற நாட்டுக் கடற்பரப்பைக் கடந்துசெல்லும் கலம் இடரின்போது அங்கே நிற்கவும் நங்கூரமிடவும் இடமளிக்கிறது. மீன்பிடித் தகராறு தீரும்வரை இதைச் செயல்படுத்தக் காத்திருப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான்: இந்தியப் பெருங்கடல் நாடுகள் அவ்வப்போது நடத்தும் சுனாமி ஒத்திகையில், அடுத்த முறை இராமேசுவரம் மீனவரும் தலைமன்னார் மீனவரும் ஒரே நேரத்தில் பங்கேற்க வேண்டும், இரு கரையினருக்கும் தமிழிலேயே எச்சரிக்கை ஒலிபரப்பாக வேண்டும், புயலுக்கு ஒதுங்கும் படகை எந்தக் கரையில், யார் பொறுப்பேற்பது என்பதை இரு நாட்டுக் கடலோரக் காவல் படையினரும் அம்மீனவர்களை அருகில் வைத்துக்கொண்டே முடிவுசெய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அந்தக் கூட்டத்தைக் கூட்டிவிடலாம்.